விளக்கு எரிகிற இடமாகப் பார்த்து

போன இதழில் முதியோர் உதவித்தொகை பற்றி எழுதும்போது, பாரிமுனையில் பிளாட்பாரத்தில் படுக்கிற ஒரு பாட்டியைப் பற்றி நாலு வரி சேர்த்திருந்தேன். வழக்கமாக மனுவை எந்த ஆபீஸில் கொடுப்பது என்று கேட்டுத்தான் கடிதம் வரும். இந்த முறை பாதிப் பேர் உதவித்தொகையை விட்டுவிட்டுப் பாட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். சரி, இந்த இதழ் முழுக்கப் பிளாட்பாரக் கேள்விகளே இருக்கட்டும் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்ட்ரல் பக்கம், வீடில்லாத பெண்களுக்கான ஓர் இரவுக் காப்பகத்தில் பதினாலு வருஷம் பொறுப்பாளராக இருந்தவள் நான். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. சாவிக்கொத்தும் வருகைப் பதிவேடும் வைத்திருந்தவள், அவ்வளவுதான்.

கேள்வி: தினமும் சென்ட்ரல் வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். கை நீட்டுகிறவர்களுக்குக் காசு கொடுப்பதா, சாப்பாடு வாங்கிக் கொடுப்பதா? 'பாத்திரமறிந்து பிச்சையிடு' என்கிறார் அப்பா. (வாசகி, பெரம்பூர்)

அப்பா சொல்கிற பழமொழி, திண்ணையில் உட்கார்ந்து ஊரில் எல்லோரையும் அறிந்தவர்களுக்குச் சரி. சிக்னல் மாறுவதற்குள் நீங்கள் எந்தப் பாத்திரத்தை அறிவீர்கள், மகளே? கையில் சில்லறை இருந்தால் நான் கொடுப்பேன். இல்லாவிட்டால் முகத்தைப் பார்த்து "இன்னிக்கு இல்லம்மா" என்பேன். கொடுத்துவிட்டால் அந்தப் பத்து ரூபாயின் பின்னாலேயே மனசை அனுப்ப மாட்டேன்.

சாப்பாடு பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வால்டாக்ஸ் ரோட்டில் நின்று எண்ணினேன். ஒன்றரை மணி நேரத்தில் நாலு வண்டி வந்தது. முதலில் புளிசாதம், அடுத்து வெஜிடபிள் பிரியாணி, அப்புறம் மறுபடியும் புளிசாதம். கடைசியாகக் காரில் ஒரு குடும்பம் கேசரியோடு வந்து இறங்கியது. பையனுக்கு முதல் பிறந்தநாளாம், போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, ஒரு வண்டியும் இல்லை. அங்கே ஓர் ஆயா பொட்டலத்தைப் பிரிக்காமலே சாதத்தின் வயசைச் சொல்லிவிடும். "இது காலைல கட்னது தாயி. காயிதம் உள்ள வேர்த்திருக்கு பாரு" என்று எனக்குக் காட்டிக்கொடுத்ததே அதுதான். அந்தப் பொட்டலம் நாய்க்குப் போயிற்று.

வயிற்றுக்கு இந்த நகரத்தில் எப்படியோ வழி பிறந்துவிடும். 2013-லிருந்து அம்மா உணவகம் இருக்கிறது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. ஆனால் அந்த மூன்று ரூபாயைப் பொட்டலமாகக் கட்டி யாரும் கொடுப்பதில்லையே. அதோடு பெண்களுக்குச் சாப்பாட்டைவிடப் பெரிய செலவு கழிப்பறை. ஒதுங்க ஒரு காசு, குளிக்க ஒரு காசு, துணி அலசினால் தனிக் காசு. இலவசமாக இருக்கிற கழிப்பறையும் ராத்திரி பூட்டிக் கிடக்கும். அதனாலேயே சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிற பெண்கள் எத்தனையோ பேர் எங்களிடம் வந்திருக்கிறார்கள். வந்த முதல் வாரம் நீர்க்கடுப்புக்கு மாத்திரை வாங்கிக் கொடுப்பதுதான் என் வேலையாக இருக்கும். மாதவிலக்கு நாட்களுக்கும் வலி மாத்திரைக்கும் போன் ரீசார்ஜுக்கும் புளிசாதம் உதவாது. குடித்துவிட மாட்டார்களா என்றால், சிலர் குடிப்பார்கள்தான். என் சம்பளம் எந்தக் கடைக்குப் போயிற்று என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.

கேள்வி: கை கால் நன்றாக இருக்கிறவர்கள் உழைத்துச் சாப்பிடக் கூடாதா? (வாசகர், அம்பத்தூர்)

கோபப்படாமல் பதில் சொல்லப் பார்க்கிறேன். பிளாட்பாரத்தில் படுக்கிறவர் எல்லாம் பிச்சை எடுக்கிறவர் என்ற நினைப்பு உங்கள் கேள்விக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பதினாலு வருஷமாக நான் அடித்துத் திருத்திக்கொண்டே இருந்த கணக்கு இது.

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஒருநாள் பூக்கடைப் பக்கம் நடந்து பாருங்கள். மீன்பாடி வண்டிமேலேயே ஒருவர் படுத்திருப்பார். வண்டியை விட்டு இறங்கிப் படுத்தால் காலையில் வண்டி இருக்காது. பக்கத்தில் மூட்டை தூக்குகிறவர்கள். அடுத்து ஹோட்டலில் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்தவர், பூக் கட்டுகிறவர், பழைய அட்டை பொறுக்குகிறவர். சென்ட்ரலுக்கு எதிரே பெரியாஸ்பத்திரி வாசலில் படுத்திருக்கிறவர்களுக்கோ ஊரில் வீடே இருக்கிறது. உள்ளே வார்டில் புருஷனோ பிள்ளையோ கிடக்க, திருவண்ணாமலைப் பக்கமிருந்தும் நெல்லூர்ப் பக்கமிருந்தும் வந்தவர்கள். இந்த வரிசையில் பிச்சை எடுக்கிறவர் கொஞ்சம்தான். அவர்களிலும் வருஷம் முழுக்க எடுக்கிறவர் இன்னும் கொஞ்சம்.

வருஷம் முழுக்க இல்லாமல் எப்படி என்று கேட்பீர்கள். எங்கள் காப்பகத்தில் ஏழெட்டுப் பேர் கல்யாண மண்டபத்தில் இலை எடுக்கிறவர்கள். வைகாசியில் என்னிடம் ஐந்து ரூபாய் கேட்க மாட்டார்கள், எனக்கு வேண்டுமானால் கடன் கொடுப்பார்கள். ஆடி பிறந்தால் மண்டபம் காலி. மார்கழியிலும் அப்படியே. அந்த இரண்டு மாசமும் கோயில் வாசலில் உட்காருவார்கள். ஆடியிலும் மார்கழியிலும் கோயிலில்தானே கூட்டம்! அவர்களில் ஒருத்தி இதை எனக்கு ஒரே வரியில் சொன்னாள்: "சாமிக்கு சீசன்னா எங்களுக்கு அன்சீசன்கா."

கேள்வி: இந்தூரில் பிச்சை போடுகிறவர்மேலேயே வழக்காமே. சென்னையிலும் கொண்டுவந்தால் என்ன? (வாசகர், நங்கநல்லூர்)

ஆமாம், 2025 ஜனவரி 1 முதல் என்று அங்கே உத்தரவு போட்டார்கள். பிப்ரவரியில் போபாலும் சேர்ந்துகொண்டது. ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்குச் சென்னை பின்தங்கிவிடவில்லை. பிச்சை எடுப்பதைத் தடுக்கும் சட்டம் இங்கே 1945-லேயே வந்துவிட்டது. பிடிக்கிறவர்களை வைக்க மேல்பாக்கத்தில் அரசுப் பராமரிப்பு இல்லமும் இருக்கிறது. எண்பது வருஷமாகச் சட்டம் இருக்கிறது, பாரிமுனையும் இருக்கிறது.

டெல்லியில் நடந்தது இது. அங்கே பம்பாயின் 1959-ஆம் வருஷச் சட்டம் நடைமுறையில் இருந்தது. முதல்முறை பிடிபட்டால் மூன்று வருஷம் வரை அடைத்து வைக்கலாம், மறுபடியும் பிடிபட்டால் பத்து வருஷம் வரை. பத்து வருஷம்! 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம், பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கும் பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2021-ல், கொரோனா நேரம், சிக்னலில் நிற்கிறவர்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று ஒருவர் உச்ச நீதிமன்றம் போனார். மேட்டுக்குடிப் பார்வையோடு இதைப் பார்க்க மாட்டோம், வேறு வழி இருந்தால் யாரும் பிச்சைக்குப் போக மாட்டார்கள் என்கிற விதமாகத்தான் நீதிபதிகள் பேசினார்கள்.

சட்டத்தை நான் பார்த்தது புத்தகத்தில் இல்லை. ஏதோ ஒரு பெரிய விழாவுக்கு முன்னால் ராத்திரி ஒரு வண்டி வரும். எங்கள் ஜனங்கள் அதற்கு வைத்த பேர் 'ஹோம் வண்டி'. தூக்கத்தில் எழுப்பி ஏற்றுவார்கள். அப்படி ஒருமுறை ஏற்றப்பட்டவள் மண்டபத்தில் இலை எடுக்கிற பெண். கை நீட்டிப் பிச்சை கேட்டதைப் பார்த்தவர் யாருமில்லை, படுத்திருந்ததைத்தான் பார்த்தார்கள். நாலாம் நாள் திரும்பி வந்தாள். பாய் போயிருந்தது, ஸ்டவ் போயிருந்தது, மூன்று முகூர்த்தத்துக் கூலியும் போயிருந்தது. அந்த மாதம் அவள் நிஜமாகவே கோயில் வாசலில் உட்கார்ந்தாள்.

கேள்வி: காப்பகங்களில் இடம் இருந்தும் போக மறுக்கிறார்கள் என்கிறார்களே, ஏன்? (வாசகி, திருச்சி)

இதற்குத்தான் காத்திருந்தேன்.

முதலில் காப்பகம் எப்படி வந்தது என்று பார்ப்போம். 2010-ல் உச்ச நீதிமன்றம், பெரிய நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருஷம் முழுக்க, இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. அதற்கு முன்னால் பல ஊர்களில் குளிர்காலத்துக்கு மட்டும் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2013-ல் மத்திய அரசின் நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தில் இதையும் சேர்த்து, ஒரு ஆளுக்குக் குறைந்தது ஐம்பது சதுர அடி என்றார்கள். சென்னையில் மாநகராட்சி கட்டடம் தர, தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. எங்களுடையதும் அப்படித்தான்.

இனி, ஏன் வருவதில்லை? ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, பையன்களுக்குத் தனி. புருஷன், பெண்டாட்டி, பதினாலு வயசுப் பையன், பத்து வயசுப் பெண் என்று ஒரு குடும்பம் வந்தால் அதை மூன்று நாலு கட்டடத்துக்குப் பிரித்து அனுப்ப வேண்டும். பிளாட்பாரத்திலாவது நாலு பேரும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கிறார்கள். நான் பேசிப் பேசி ஒருத்தியை வரவழைத்தேன். மூன்றாம் நாள் ராத்திரி கேட்டருகே வந்து நின்றாள். "அக்கா, பையன் அங்க தனியா இருக்கான்" என்றாள். கதவைத் திறந்துவிட்டேன். ரூல்படி ராத்திரி பத்துக்கு மேல் திறக்கக் கூடாது.

அந்த ரூலே அடுத்த காரணம். காய்கறி மார்க்கெட் 1996-ல் கொத்தவால்சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்குப் போய்விட்டது. ஆனாலும் ஜார்ஜ் டவுனில் சரக்கு ஏற்றி இறக்குகிற வேலை ராத்திரிதான், பகலில் லாரி உள்ளே வர முடியாது. பூ வேலை விடிகாலை மூன்று மணிக்கு. மண்டபத்துப் பந்தி முடிந்து இலை எடுத்துப் பாத்திரம் கழுவ ராத்திரி பன்னிரண்டு ஆகிவிடும். பத்து மணிக்குப் பூட்டுகிற கதவு இவர்களில் யாருக்கு?

அப்புறம் சாமான். வீடில்லாதவர்களிடம் சாமான் ஏது என்று நினைப்போம். ஒரு தகரப்பெட்டி இருக்கும். அதில் துணி, பாத்திரம், ஆஸ்பத்திரிச் சீட்டு, பிள்ளையின் டீசி. அந்தப் பெட்டியைச் சங்கிலி போட்டு நடைபாதைக் கம்பியில் பூட்டியிருப்பார்கள். அதன் மேல்தான் பகலில் குழந்தை உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். காப்பகத்தில் ஒரு ஆளுக்கு ஒரு சின்ன அலமாரிதான், தகரப்பெட்டி அதற்குள் போகாது. பெட்டியை விட்டுவிட்டு வா என்பது, வீட்டைத் திறந்துபோட்டுவிட்டு வா என்பது மாதிரி.

இடமும் அப்படித்தான். சும்மா கிடைத்த இடத்தில் யாரும் படுப்பதில்லை. பெண்கள் விளக்கு எரிகிற இடமாகப் பார்த்துப் படுப்பார்கள். ஏடிஎம் வாசல், ராத்திரியும் திறந்திருக்கிற மருந்துக்கடைப் பக்கம், போலீஸ் பூத்துக்கு எதிரே. வெளிச்சத்தில் எப்படித் தூங்குகிறார்கள் என்று முன்பெல்லாம் நினைப்பேன். இருட்டில் தூங்கவே முடியாது என்பது அப்புறம்தான் புரிந்தது. கைக்குழந்தை இருந்தால் முந்தானை முனையை அதன் கணுக்காலில் கட்டிக்கொள்வார்கள், யாராவது தூக்கினால் சேலை இழுக்கும். விடிந்ததும் முதலில் செய்கிற வேலை அந்த முடிச்சை அவிழ்ப்பது. முந்தானை முனை கசங்கிக் கயிறாகவே ஆகிவிட்டிருக்கும். சேலையைப் பார்த்தே இவள் பிளாட்பாரத்தில் படுத்தவள் என்று நான் சொல்லிவிடுவேன்.

காப்பகமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தனியாக இருக்கிற பெண்களுக்கும், வீட்டில் அடி தாங்காமல் ஓடிவந்தவர்களுக்கும், வயசானவர்களுக்கும் அதைப்போல் வேறு இடமில்லை. சென்னைக்காரர்கள் மாநகராட்சியின் 1913-க்குப் போன் செய்து சொல்லலாம். அழைத்துப்போக ஆள் வரும்போது நீங்களும் கூட நின்றால் நல்லது. தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்தால் பாதிப் பயம் குறையும்.

கேள்வி: அரசு வீடு கொடுத்தாலும் வாடகைக்கு விட்டுவிட்டு மறுபடி பிளாட்பாரத்துக்கே வந்துவிடுகிறார்களே? (வாசகர், மயிலாப்பூர்)

சிலர் வந்தார்கள், நானே பார்த்திருக்கிறேன். வீடு எங்கே என்று பார்த்தீர்களா? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். பாரிமுனையிலிருந்து இருபது கிலோமீட்டருக்குக் குறையாது. விடிகாலை மூன்று மணிப் பூ வேலைக்கு அங்கிருந்து எந்த பஸ்ஸில் வருவது? 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானது உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் பஸ் ஓட ஆரம்பிக்கிற நேரத்துக்கு முன்னாலேயே பூ விற்றுப்போகும். பூக்கடை இருக்கிற இடத்தில்தான் கூலி, கூலி இருக்கிற இடத்தில்தான் படுக்கை. மயிலாப்பூரில் நாலு தலைமுறையாக இருக்கிற உங்களை உத்திரமேரூரில் இதைவிட நல்ல வீடு இருக்கிறது, போங்கள் என்றால் போவீர்களா?

பக்கத்திலேயே இடம் என்றால் காத்திருக்கத் தயாராகத்தான் இருக்கிறார்கள். நேரு ஸ்டேடியத்துக்குப் பார்க்கிங் வேண்டும் என்று 2002-ல் அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களைப் பக்கத்திலேயே இருக்கிற கண்ணப்பர் திடலில் தற்காலிகமாகத் தங்க வைத்தார்கள். அந்தத் தற்காலிகம் இருபது வருஷத்தைத் தாண்டிப் போயிற்று. தூக்கி வரப்பட்ட குழந்தைகள் அங்கேயே வளர்ந்து, கல்யாணமாகி, அங்கேயே தூளி கட்டினார்கள்.

கேள்வி: எங்கள் தெருமுனை பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் மூன்று மாதமாக இருக்கிறார். தனக்குத்தானே பேசுகிறார், அழுக்கு மூட்டையைக் கட்டிக்கொண்டே இருக்கிறார். என்ன செய்யலாம்? (வாசகி, மடிப்பாக்கம்)

போலீஸுக்குச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம், இதில் அவர்களுக்குக் கடமையே இருக்கிறது. 2017-ஆம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-வது பிரிவுப்படி, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் அலைகிற மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து, இருபத்துநாலு மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தைத் தேட வேண்டும். ஸ்டேஷனில் "இதெல்லாம் எங்க வேலை இல்லீங்க" என்றால் பிரிவு நம்பரைச் சொல்லுங்கள். சென்னைப் போலீஸுக்கே 2021-லிருந்து 'காவல் கரங்கள்' என்று இதற்கென ஒரு பிரிவும் இருக்கிறது. அரசு மருத்துவமனை என்றால் சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது, 1794-லேயே ஆரம்பித்தது. இந்த மாதிரிப் பெண்களுக்காகவே இரண்டு இளம்பெண்கள் 1993-ல் தொடங்கிய 'தி பேனியன்' என்ற தொண்டு நிறுவனம் முகப்பேரில் 'அடைக்கலம்' என்ற இல்லத்தை நடத்துகிறது.

நீங்கள் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. மூட்டையைத் தொடாதீர்கள். நான் தொட்டவள்.

காப்பகத்தில் நான் சேர்ந்த இரண்டாம் வருஷம், இதேபோல ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். குளிக்க வைத்து, முடி வெட்டி, நைட்டி போட்டுவிட்டோம். மூட்டை நாறியது, பேன் ஊறியது. குளித்துக்கொண்டிருக்கும்போதே அதைக் குப்பை வண்டியில் போடச் சொல்லிவிட்டேன். வெளியே வந்து மூலையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். பதினோரு நாள் யாரோடும் பேசவில்லை. தண்ணீர் குடிப்பதற்குக்கூட ஜாடைதான். மூட்டையை எடுத்துப்போன அம்மா ஒரு மாதம் கழித்து, ஏதோ பேச்சுவாக்கில் சொன்னார்: "உள்ள ஒரு ஈபி கார்டு இருந்திச்சுங்க, மடிச்சு மடிச்சு பிளாஸ்டிக் கவர்ல." பழைய வெள்ளை அட்டை, ஈபிக்காரர் வந்து ரீடிங் எழுதுவாரே, அது. அதில் சர்வீஸ் நம்பர் இருக்கும். அந்த நம்பரை வைத்து எந்த ஊர், எந்தத் தெரு, யார் பேரில் இணைப்பு என்று ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்திருக்கலாம். அவள் வீடு எதுவென்று எங்களுக்குத் தெரியவர நாலு வருஷம் ஆயிற்று. அதற்குள் அவளைப் பெற்ற அம்மா போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் காப்பகத்தில் ஒரு பழக்கம் வைத்தேன். எந்த மூட்டையாக இருந்தாலும் அவர்கள் கண்ணெதிரே, அவர்கள் கையாலேயே பிரிக்க வேண்டும். பிரிக்க மாட்டேன் என்றால் வெயிலில் வைத்து, பேன் மருந்து தெளித்து, பேர் எழுதிக் கட்டி வைப்போம்.

கேள்வி: இடுப்பில் தூங்குகிற குழந்தையோடு பிச்சை எடுக்கிறார்கள். வாடகைக் குழந்தை, மயக்க மருந்து கொடுக்கிறார்கள் என்கிறார்களே? (வாசகி, சேலம்)

எங்குமே நடக்காது என்று சத்தியம் செய்ய மாட்டேன். குழந்தையைக் கடத்திப் பிச்சைக்கு விடுவது பெரிய குற்றம், பழைய தண்டனைச் சட்டத்திலும் தனிப் பிரிவு இருந்தது, புதிய நியாய சன்ஹிதாவில் 139. சந்தேகம் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள். ஆனால் உச்சி வெயிலில் பசியோடு இருக்கிற குழந்தை மருந்தில்லாமலே தூங்கும். கொடுத்துவிட்டுப் போக ஆளில்லாத அம்மா இடுப்பில்தான் வைத்திருப்பாள்.

போனோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு புரளி சுற்றியது. பழவேற்காட்டில் வீடில்லாமல் திரிந்த ஒருவரை அடித்தே கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். போளூர்ப் பக்கம், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு வயசான அம்மாவை அடித்துக் கொன்றார்கள். குலதெய்வம் கும்பிட வந்தவர் அவர். அந்த வாரம் எங்கள் பெண்கள் யாரும் எந்தக் குழந்தையையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

கேள்வி: பிச்சைக்காரர் இறந்தபின் மூட்டையில் ஆயிரக்கணக்கில் பணம் என்று செய்தி வருகிறதே! (வாசகர், ஈரோடு)

வரும். எங்கே வைக்கச் சொல்கிறீர்கள்? விலாசம் இல்லை, ஆதார் இல்லை, அதனால் பேங்க் இல்லை. நாம் பீரோவில் வைப்பதை அவர்கள் இடுப்பில் வைக்கிறார்கள். ராத்திரி பிளேடு போடுகிறவன், 'இடத்துக்கு மாமூல்' கேட்கிறவன் இவர்களுக்கெல்லாம் போக மிச்சம் அது. பிச்சை எடுத்தாராம் பெருமாள், பிடுங்கித் தின்றாராம் அனுமார் என்பது நேரில் பார்த்தவர் யாரோ சொன்னதாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் ஆயாக்கள் சேர்ப்பது பெரும்பாலும் சாவுச் செலவுக்கு, அநாதைப் பிணமாகப் போகக் கூடாது என்று. இதையும் படித்திருப்பீர்கள்: தூத்துக்குடி மாவட்டத்துப் பெரியவர் ஒருவர், பிச்சை எடுத்து வாழ்கிறவர், 2020-ல் கொரோனா நிதிக்கென்று மதுரை கலெக்டரிடம் பத்தாயிரம் பத்தாயிரமாகக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

கேள்வி: வீடே இல்லாதவர்களுக்கு ஓட்டு உண்டா? (வாசகர், காரைக்குடி)

உண்டு. தேர்தல் ஆணையத்தின் விதியிலேயே இருக்கிறது. விண்ணப்பத்தில் தான் படுக்கிற இடத்தை எழுதினால் போதும், விலாசச் சான்று தேவையில்லை. பூத் அலுவலர் ராத்திரியில் வந்து, அவர் நிஜமாகவே அங்கே தூங்குகிறாரா என்று பார்ப்பார். ஒரு ராத்திரி போதாது, ஒன்றுக்கு மேற்பட்ட ராத்திரி பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் ஒரு டீச்சரம்மாவுக்கு அந்த வேலை விழுந்தது. பதினோரு மணிக்குத் தம்பியின் ஸ்கூட்டரில் வந்து, டார்ச் அடித்து, "பாட்டி, தூங்குறீங்களா?" என்று எழுப்பினார். "தூங்கிட்டுத்தான் இருந்தேன்" என்றது பாட்டி. அடுத்த தேர்தலில் விரலில் மையோடு வந்து எனக்குக் காட்டியது. அட்டையில் கதவு எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கடைப் பேரும் 'எதிரில்' என்பதும் இருந்தன.

கேள்வி: காலையில் நடக்கப் போகும்போது ஒரே பாட்டியைத் தினமும் பார்க்கிறேன். காசு கேட்பதில்லை. பேசலாம் என்று தோன்றுகிறது. என்ன பேசுவது? (வாசகி, எழும்பூர்)

'சாப்டீங்களா' என்று ஆரம்பிக்காதீர்கள். அதைக் கேட்டால் நீங்கள் பொட்டலக்காரர் ஆகிவிடுவீர்கள், பாட்டியும் இல்லை என்றுதான் சொல்லியாக வேண்டும். 'ஏன் இங்கே இருக்கீங்க' என்பதும் வேண்டாம், அது ஹோம் வண்டிக்காரர் கேள்வி. கொசு, மழை, வெயில் என்று ஊர்க் கதை பேசுங்கள். மூன்று நாலு நாள் போகட்டும். அப்புறம், "நேத்து மழையில எங்க பாட்டி படுத்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். நான் அப்படிக் கேட்டபோது ஒரு பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எந்தக் கடைத் தகரம் ஒழுகும், எந்த வாட்ச்மேன் எழுப்பமாட்டார், எந்தப் படியில் எத்தனை அடி தண்ணீர் ஏறும் என்று முக்கால் மணி நேரம் சொன்னது. அன்றைக்கு நான் வேலைக்கு லேட்.